கீழ் வளைவின் ஆழம்

— எனக்கென்னமோ மனசே சரியில்ல, ஜேபஸண்ணே. அந்த ஆளை நீங்க அப்படித் திருப்பி விட்டிருக்கக் கூடாது.

— பெர்ஸி, ஊர்க்காவல் படையில இந்தப் பாலத்துக்கு நீ கார்ப்பரல், நான் வெறும் சிப்பாய். ஒத்துக்கறேன். ஆனா நீ தொட்டில்ல கிடந்தப்பவே நான் இந்த ஆத்துல மீன் பிடிச்சவன், கேட்டியா?

— டாக்டர்னு சொன்னாரே. அடையாள அட்டையும் காட்டினாரே.

— அங்கதான் எனக்குச் சந்தேகமே. நம்ம அட்டையெல்லாம் டீக்கறையும் வேர்வையுமா இருக்கு. அவனோடது இப்பதான் அச்சடிச்சு வந்த மாதிரி மடிப்புக் கலையாம இருக்கு. பேச்சைக் கேட்டியா? தொண்டைக்குள்ள கூழாங்கல்லு உருளுது! ஜெர்மன்காரன் கன்னியாஸ்திரி வேஷத்துல எல்லாம் பாரசூட்ல குதிக்கறானாம். டாக்டர் வேஷம் போடறது என்ன கஷ்டம்? நம்ம ஊருக்கு டாக்டர்னா கான்ட் கிழவர்தான்.

— பாவம், ஊருக்கு வழிதானே கேட்டார்.

— கைகாட்டிப் பலகையெல்லாம் எதுக்குப் பிடுங்கிப் போட்டோம்? நாம வாயால வழி சொல்றதுக்கா?

— சொல்லாம விட்டிருக்கலாம். ஆத்தோட கீழ் வளைவுல போய்க் கடந்துக்கோன்னு அனுப்பிட்டீங்களே. அங்கதான் பாலமே கிடையாதே.

— கிடையாதுன்னுதானே அனுப்பினேன். போய் முட்டிக்கிட்டு நிக்கட்டும். ஜெர்மன் டாங்கியைத் தடுக்கப் பள்ளம் தோண்டின கல்லு, மண்ணு, இந்தக் காவல் அறை கட்டி மிஞ்சின ஜல்லி எல்லாத்தையும் வண்டி வண்டியா அங்க ஆத்துல தள்ளினது யாரு? நான்தானே? எனக்குத் தெரியாத ஆழமா? குதிரையே முழுகிப் போயிடும்.

— எனக்கென்னமோ... இருங்க, அக்கரையிலேர்ந்து யாரோ ஓடி வர்றாங்க. நில்லு! யாரது?

— நான்தான்டா, ஹெட்டி! குறுக்குக் கட்டையைத் தூக்கு பெர்ஸி, மூச்சு வாங்குது. டாக்டர் வந்தாரா?

— எந்த டாக்டர் ஹெட்டியக்கா?

— ஐயோ, ஜேபஸண்ணே, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? பதறாமக் கேளுங்க. உங்க பொண்ணு ஐவிக்கு வலி கண்டுடுச்சு.

— இன்னும் ஒரு மாசம் இருக்கே!

— வயித்துல இருக்கறதுக்கு அது தெரியலையே. குழந்தை குறுக்கால கிடக்கு. ஊர்ல பாதிப் பிள்ளைங்களைக் கையில வாங்கினவ நான், எனக்கே அடங்கல. கான்ட் டாக்டருக்குப் போன் பண்ணினா, அவர் நேத்து ராத்திரி இருட்டடிப்புல படி தெரியாம விழுந்து கால் ஒடிஞ்சு கிடக்கார். வேற ஒருத்தரை அனுப்பியிருக்கேன்னார். செக் நாட்டுக்காரராம், ஹிட்லர்கிட்டேர்ந்து உயிர் தப்பி வந்தவராம். மோட்டார் சைக்கிள்ல எப்பவோ கிளம்பிட்டாராம்... ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?

— நீங்களே சொல்லுங்க, ஜேபஸண்ணே.

— வந்தார் ஹெட்டி. நான்தான் கீழ் வளைவுக்கு விரட்டி விட்டேன்.

— அடப் பாவி மனுஷா! பெத்த பொண்ணு அங்க துடிக்கறாளே!

— பெர்ஸி, உன் சைக்கிளைக் குடு.

— காவலை விட்டுப் போகக் கூடாதுன்னு கேப்டன்... சரி போங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்.

— ஹெட்டி, நீ திரும்பி ஓடு. அப்பன் டாக்டரோட வர்றேன்னு அவகிட்ட சொல்லு.

*

— என்ன ஜேபஸண்ணே, தனியா வர்றீங்க? இருட்டியே போச்சு.

— மோட்டார் சைக்கிள் கரையில சாஞ்சு கிடக்கு. ஆளைக் காணோம். அவர் கொண்டு வந்த பையையும் காணோம்.

— கூப்பிட்டுப் பாத்தீங்களா?

— தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பேர்கூடத் தெரியல. டாக்டரே, டாக்டரேன்னு கத்தினேன். இந்த வாய்தானே அவரை உளவாளின்னுச்சு. பூட்ஸ் தடம் தண்ணிக்குள்ள இறங்குது பெர்ஸி. திரும்பி வந்த தடம் இல்ல. மதகு வரைக்கும் தேடிட்டேன். பனி மூட்டத்துல அக்கரையே தெரியல.

— ஆண்டவரே.

— கொன்னுட்டேன். அவரையும் கொன்னு, என் பொண்ணையும் கொன்னுட்டேன். ஜெர்மன்காரன் இன்னும் கப்பல்கூட ஏறல, அதுக்குள்ள நானே...

— உட்காருங்கண்ணே. அந்த நெம்புகோல் மேல மட்டும் சாஞ்சுடாதீங்க, அழுத்தினா பாலத்துக்கு அடியில வெச்ச வெடி வெடிச்சுடும்.

— யாரோ வர்றாங்க.

— ஹெட்டியக்காதான்.

— நீயே கேளு பெர்ஸி. என்னால ஆகாது.

— பையன், ஜேபஸண்ணே! பையன்! குறுக்கால கிடந்தவனைத் திருப்பி, காலைப் பிடிச்சு வெளியே எடுத்துட்டார். உங்க மூக்கு அப்படியே! ஐவி நல்லா இருக்கா, டீ குடு டீ குடுன்னு உயிரை எடுக்கறா.

— யாரு... யாரு எடுத்தது?

— டாக்டர்தான். கால்சட்டையைக் காயப் போட்டுட்டு, உங்க மருமகனோட பைஜாமாவுல அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார்.

— நீந்தியா வந்தார்?

— நீந்தறதாவது! பையைத் தலையில வெச்சுக்கிட்டு நடந்தே வந்திருக்கார். முட்டிக்கு மேல ஒரு சாண் தண்ணிதானாம். அடியில சாலை போட்ட மாதிரி கெட்டியா இருந்துச்சாம். லாரியே போகலாம்னார். சரியான துறையைக் காட்டி விட்ட பெரியவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். வாங்க, பேரனைப் பாக்க வேண்டாமா? ஏன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— பெர்ஸி, கேப்டன் வந்தப்ப கீழ் வளைவைப் பத்தி நான் என்ன சொன்னேன்?

— அங்க எவனாலயும் கடக்க முடியாது, காவலே வேண்டாம்னு... ஐயோ, ஜேபஸண்ணே!

— ஹெட்டி, தாத்தா நாளைக்கு வர்றான்னு பயலுகிட்ட சொல்லு. பெர்ஸி, ஊர்ல இருக்கற மண்வெட்டி எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லு. இந்தக் கோடை பூரா கல்லைக் கொட்டி நான் ஹிட்லருக்குப் பாலம் கட்டியிருக்கேன்.