வெற்றிலைப் பச்சை ஆஸ்டின்

வெற்றிலைப் பச்சை எந்தப் பெயிண்ட் கடையிலும் டின்னில் கிடைக்காது, ஐயா. கலந்துதான் எடுக்க வேண்டும். நம் சின்னமனூர் வெற்றிலையிலும் முதிர்ந்த இலை கறுப்படித்துப் போகும், கொழுந்து மஞ்சளாக இருக்கும். கொழுந்திலிருந்து மூன்றாவது இலையில்தான் நான் தேடிய பச்சை இருந்தது. பறித்த இலை வாடுவதற்குள் கலந்து பார்த்துவிட வேண்டும். இருபத்திரண்டு தடவை சரியாக வரவில்லை. அடுத்த தடவை இலையைப் பெயிண்ட் மேல் வைத்தபோது இலை எது, தகரம் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கார்தான் இப்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில் புங்கை மரத்தடியில் நிற்கிறது.

வாயால் சொல்ல வேண்டாம், எழுதியே கொடு என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதுவும் நல்லதுதான். பேசினால் எனக்கு முன்னுக்குப் பின் குழறும்.

என் பெயர் சுந்தர்ராஜ். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த வைகுண்டராஜ் என் கூடப்பிறந்த அண்ணன். அவர் இறந்து இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது. ஜாக்கி வழுக்கிக் கார் அவர் மேல் இறங்கிவிட்டது என்று அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

முதலில் காரைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். அறுபத்தெட்டாம் வருஷம் மேகமலை எஸ்டேட் ஒன்றுக்குக் கம்பி வேலிக்கான சாமான் கொண்டுபோனேன். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த இடத்தில் அது நின்றது. முப்பத்தெட்டாம் வருஷத்து ஆஸ்டின். எந்தத் துரையோ விட்டுப் போனது. தரை முழுவதும் அரித்துப்போய், கதவைத் திறந்தால் உள்ளே புல் முளைத்திருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. நான் கையை வைத்ததும் அது இறங்கிப் போய்விட்டது. அதுவரை என் வாழ்க்கையில் எதுவும் எனக்கு இடம் விட்டுக் கொடுத்ததில்லை.

அடிமாட்டு விலைக்குத்தான் கொடுத்தார்கள். வாங்கியது அண்ணன். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருந்தது. அதில் எனக்கு அப்போது வருத்தம் இல்லை. நான் தின்ற சோறும் உடுத்திய வேட்டியும் அவருடையதுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைக்காத நாள் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அங்கே நிறுத்தினோம். மத்தியானம் கடை சாத்தும் இரண்டு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அதனோடு இருந்தேன். ஆறு வருஷம். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு துருவைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஓட்டைதான் வந்தது. ஓட்டையை மூடிப் பட்டி பார்த்தால் மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டே போகும். நான் அப்படிச் செய்யவில்லை. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். உள் சட்டத்துக்குத் தேக்கு. டாஷ்போர்டுக்குப் பலா. சீட்டுக்குள் போடி இலவம்பஞ்சு, அதோடு ஒரு படி ஏலக்காய்த் தோல். வெயிலில் நின்றால் வண்டிக்குள் அந்த வாசனை வரும். நேற்றுகூட உங்கள் ஏட்டையா ராக்கையா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

கடைத்தெருவில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "இரும்புக்கடைக்காரக தம்பிக்கே துருப் புடிச்சிருச்சு" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

அண்ணனும் வேலை செய்தார், அதை மறைக்கக் கூடாது. அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லா போல்ட்டையும் நான் பூட்டுவேன். கடைசி முறுக்கு மட்டும் அவர் முறுக்குவார். மூத்தவன் கை படாமல் எதுவும் முடியக்கூடாது என்பது அவர் எண்ணம். வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து, ஸ்பேனரை வாங்கி ஒரு கால் சுற்று முறுக்கிவிட்டு, "இப்பத்தாம்லே வேல முடிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆறு வருஷத்தில் அந்தக் காரில் நான் முடித்த வேலை என்று ஒன்றுகூட இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் அச்சுக்கு அடியில் கல் கொடுக்க வேண்டும். மதினியின் உடைந்துபோன ஆட்டுரல் ஒன்று அதற்கென்றே கிடந்தது. மேலே இருப்பவன் கல்லை வைக்க வேண்டும். அடியில் போகிறவன், கல் வைத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். கேட்கத்தான் வேண்டும், குனிந்து பார்க்கக் கூடாது. முதல் நாளே அண்ணன் சொல்லிவிட்டார்: "கூடப்பொறந்தவன் சொல்லுக்கு மேல என்னலே பார்வ வேண்டிக் கெடக்கு? பாத்தா அப்புறம் அவன் தம்பியா, வேத்தாளா?" நான் அடியில் போகும்போதும் கேட்டுவிட்டுத்தான் போவேன், பார்க்க மாட்டேன். அவர் ஒருநாளும் வைக்காமல் இருந்ததில்லை.

இந்த வருஷம் சித்திரையில் அண்ணன் மகள் சொர்ணலதாவைப் பெண் பார்க்கப் பெரியகுளத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் கை கழுவப் பின்பக்கம் வந்தவர், காரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். மோதிரம் போட்ட விரலால் மட்கார்டைத் தட்டிப் பார்த்தார். தட்டிய இடத்தில் ஒரு கீறல் விழுந்தது.

"யாரு வேல பாத்தது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுலயேதான்" என்றார் அண்ணன்.

"மாப்பிள்ளைக்கு வேற ஒண்ணும் நீங்க செய்ய வேணாம். இதக் குடுத்துருங்க. செவப்புப் பெயிண்ட அடிச்சு, மேக்கூரைய வெட்டி எடுத்துட்டா, ஊர்வலத்துக்கு ஜோரா இருக்கும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார். "அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. கோபத்துக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒரே ஒரு தடவை கேட்டேன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, "அண்ணே, காருக்குப் பதிலா வேற எதாச்சும்" என்று ஆரம்பித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏலே, அது என்ன ஒம்பிள்ளையா? லதாதாம்லே நம்ம பிள்ள" என்றார். மதினி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. லதாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். நான் சாப்பிட்டு எழுந்தேன்.

புதன்கிழமை காரை அனுப்புவதாகப் பேச்சு. அதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் பின் சக்கரம் இரண்டையும் கழற்றி, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங் பட்டைக்குப் புது போல்ட் போட்டேன். கடைசிப் பூச்சு அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. விரல் வைத்தால் ரேகை பதியும். மூன்று மணி வாக்கில் அண்ணன் கடைசி முறுக்குக்கு வந்தார். பனியனோடு கீழே படுத்து உள்ளே போனார்.

"கல்லு வச்சாச்சா?"

"வச்சாச்சுண்ணே."

கல் சுவர் ஓரத்தில் இருந்தது. எடுத்து வைக்க மறந்துபோனேன் என்று எழுதலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். மறக்கவில்லை.

அது எண்ணெய் ஜாக்கி. அடியில் ஒரு திருகு இருக்கும், அதைக் கால் சுற்று திருப்பினால் இறங்கும். அவர் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்குவது எனக்குக் கேட்டது. மூன்று முடிந்தது. நாலாவதையும் முறுக்கிவிட்டு, வழக்கம்போல, "இப்பத்தாம்லே வேல முடிஞ்சிருக்கு" என்றார். நான் திருகைக் கால் சுற்று திருப்பினேன். அவர் கடைசி முறுக்குக்கு எவ்வளவு திருப்புவாரோ, அவ்வளவுதான்.

கார் படாரென்று விழவில்லை. மெதுவாகத்தான் இறங்கியது. "ஏலே, எறங்குதுலே" என்றார். திருகைத் திரும்ப மூடியிருக்கலாம். கை அதன் மேலேயேதான் இருந்தது. பாதி இறங்கியதும் ஜாக்கி சாய்ந்துவிட்டது. நீங்கள் வந்து பார்த்தது அதைத்தான்.

அதன்பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கக் கூடாது. சுவரில் கடப்பாரை சாத்தியிருந்தது. அதை ஃபுட்போர்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஒரு முழம் தூக்கிவிடலாம், அவரை இழுத்துவிடலாம். கடப்பாரையைக் கொண்டுவந்தேன், அடியிலும் கொடுத்தேன். ஆனால் அந்த ஓரத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. இரும்பு பட்டால் தோலோடு உரிந்து வந்துவிடும், உள்ளே தேக்குச் சட்டமும் விண்டுவிடும். இடையில் கொடுக்கச் சாக்கு ஒன்று எடுத்துவரப் போனேன். வீட்டில் மதினியும் லதாவும் இல்லை, ஜவுளி எடுக்கத் தேனிக்குப் போயிருந்தார்கள். முதலில் கிடைத்த சாக்கு சிமெண்டுச் சாக்கு. அதில் மணல் இருந்தது, கீறிவிடும். அதை உதறினேன். சரிப்படவில்லை. இலவம்பஞ்சு வந்த சாக்கு அட்டத்தில் இருந்தது, ஏறி எடுத்தேன். நாலாக மடித்தேன்.

திரும்பி வந்தபோது அவர், "இருக்கியாலே?" என்று கேட்டார். சத்தம் சின்னதாகிவிட்டிருந்தது.

"இருக்கேண்ணே" என்றேன்.

சாக்கை வைத்துப் பார்த்தேன், அப்போதும் ஒரு மூலை தொட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் சுண்ணாம்பு இருந்தது. ரோட்டில் ஒரு கம்பம் பஸ் போனது. அவர் இன்னொரு தடவை கேட்டார், நான் இருக்கேன் என்றேன். அடுத்த கம்பம் பஸ்ஸும் போனது. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கேட்காத பிறகும் நான் ஒரு தடவை சொன்னேன்.

தெருவில் போய்க் கத்தியது அதற்குப் பிறகுதான்.

பிள்ளைக்குக் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது, வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மதினி பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியகுளத்துக்கு ஆள் விட்டிருக்கிறாள். நீங்கள் காரை விடுவித்ததும் ஸ்டேஷனிலிருந்தே எடுத்துப்போகட்டும் என்று. "மதினி, இங்கனயே கெடக்கட்டுமே" என்று கேட்டேன். "அதக் கண்கொண்டு பாக்க முடியல தம்பி. அவுக ஆசப்பட்டாக, அவுகளே கொண்டுபோகட்டும்" என்றாள். அழுதுகொண்டே என்னிடம், "ஒங்களுக்குந்தான் யாரு இருக்கா" என்று கேட்டாள். லதா மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கடசியா அப்பா என்ன சித்தப்பா சொன்னாக?" என்று கேட்டாள். வேலை முடிந்தது என்று சொன்னதாகச் சொன்னேன். அது பொய் இல்லை.

நேற்று காரைப் பார்க்க வந்தபோது, பின்னால் வேலி ஓரம் மக்கிக் கிடக்கும் மாட்டு வண்டியைப் பற்றி ஏட்டையாவிடம் கேட்டேன். "அது கொலக் கேசு வண்டிய்யா. தீர்ப்பு, அப்பீலுன்னு எட்டு வருசமாக் கெடக்கு. முடியிற வரைக்கும் ஒருத்தரும் தொட முடியாது" என்றார்.

"விபத்துன்னா?" என்று கேட்டேன்.

"விபத்துன்னா புதங்கெழம குடுத்துருவாக."

வீட்டுக்குப் போய் ராத்திரி முழுவதும் யோசித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்று செவ்வாய்.

மேலே எழுதியது எல்லாம் நானாக, யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுதியது. என் அண்ணன் வைகுண்டராஜை நான்தான் கொன்றேன். என்ன தண்டனை என்றாலும் சம்மதம், வக்கீல் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. புங்கை மரம் ஆகாது, பூவும் பிசினும் விழுந்து பெயிண்டில் புள்ளி வைக்கும். காரைக் கொட்டகைக்குள் தள்ளி, டயருக்கு அடியில் பலகை கொடுத்து, கித்தான் போட்டு மூடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டால் வியர்த்துவிடும். தள்ளும்போது ஃபுட்போர்டில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அதைக் காப்பாற்ற நாங்கள் ரெண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.