எங்கள் கையால் பிடித்த தண்ணீர்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் தேநீர் நன்றாகவே இருக்கும். கிடங்கில் மூட்டை தூக்குகிற என்னைப் போன்றவனுக்கும் பீங்கான் கோப்பையில்தான் தருவார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அறிவியல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், மக்களும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு கொள்கை வகுத்தார்கள். எங்கள் தெருவுக்கு என்னைப் பிரதிநிதி ஆக்கினார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அடிபம்புத் தண்ணீரைத் தெருக்காரர்களே பாட்டிலில் பிடித்து வர வேண்டும், நிலையத்து ஆள் கை படக் கூடாது என்பது விதி. அதைச் சோதித்து முடிவை வரைபடத்தில் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பக்கத்துத் தெருத் தண்ணீரில் விஷம் என்று வந்ததும் அதிகாரிகள் பார்த்தார்கள். தெருவையே காலி செய்துவிட்டார்கள். அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"உங்க கருத்து ரொம்ப முக்கியம்ணே," என்றார் ஆராய்ச்சியாளரம்மா. அடுத்த கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்.

எங்கள் பம்பும் அதே சாக்கடையோரம்தான். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எங்கள் பாட்டில்களை நிலையத்துக் கழிப்பறைக் குழாயில் நிரப்பிக் கொடுத்தேன். வரைபடத்தில் எங்கள் தெரு பச்சையாக வந்தது.

அதுவரை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற என் தம்பி மனைவி, குடத்தைப் பம்படிக்குக் கொண்டுபோனாள்.

"லாரித் தண்ணியே இருக்கட்டுமேம்மா," என்றேன்.

"ஏன் மாமா, நீங்க பிடிச்சுக் குடுத்த தண்ணிதானே? உங்கள நம்பாம அந்த வெள்ளக்கோட்டுக்காரங்களயா நம்புவேன்?" என்று சிரித்தாள்.

உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். காலி செய்கிற வண்டி வந்து நிற்கும். சும்மா இருந்துவிட்டேன்.

அவள் மகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. பிறகு எதிர்வீட்டுப் பிள்ளைக்கு. நிலையத்தில் சந்தேகப்பட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டார்கள். தம்பி மகளைப் புதைத்துவிட்டு வந்த வாரம் அது. அதே குழாயில்தான் பிடித்துக் கொடுத்தேன்.

விஷயம் வெளியே வந்ததும், விசாரிக்க வந்த அதிகாரி நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள், ஐயா. நிலையத்தாரும் நீங்களும் எல்லாவற்றையும் திறந்தீர்கள், முடிவெடுக்கிற அறையை மட்டும் சாத்தியே வைத்தீர்கள். எங்கள் கைக்கு வந்தது ஒரு பாட்டில்தான். எங்கள் கருத்தை அதில் ஊற்றிக் கொடுத்தேன். நாளைக்குக் கேட்டாலும் அப்படித்தான் செய்வேன். எங்கள் தெருவில் ஒரு வீடும் காலியாகவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும், கிடங்கிலிருந்து நான் தோளில் சுமந்து வருகிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம். பம்புத் தண்ணீர் எனக்கு ருசிப்பதில்லை, அவ்வளவுதான்.