மூணும் வந்துச்சா?

விளக்கை அணைத்தாயிற்று இல்லையா... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கைபேசிகளை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். நடுவில் யாருடையதாவது கூவினால் சொல்லுகிற எனக்கே தூக்கிவாரிப் போடும்.

பிற்பகல் மூன்று மணி...

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? பிற்பகல் மூன்று மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். மூடிக் கிடக்கும் ஆலை ஒன்றின் மதிலை ஒட்டியபடி நேராக ஓடுகிற சாலை. ஈ, காக்கை இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர் மட்டும் போகிறது.

ஓட்டிப் போனவன் என் நண்பனின் மச்சான். வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர், இன்டர்நெட் கோளாறு பார்ப்பவன். எது பழுதானாலும் முதலில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பான். அதனால் பெயரே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமியாருக்குத் தலைசுற்றல் வந்தபோதுகூட, "கொஞ்ச நேரம் படுத்து எந்திரிச்சுப் பாருங்க" என்றானாம். அன்றிலிருந்து அந்தம்மா இவனோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

துணிச்சலுக்குக் குறைவில்லாத ஆள். ஆனால் வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகள். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், இவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போனைத் திறந்தால் முன்பல் விழுந்த வாயோடு அவள்தான் சிரிப்பாள்.

சாலை முடிகிற இடத்தில் கடைசி வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தனியாக இருந்தார். உள்ளே ஒரு மேசை, அதில் பழைய கம்ப்யூட்டர். புத்தக அலமாரியின் மேல் ரவுட்டர். கதவு நிலையில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் குறிப்போமே, அதுபோல. கோடுகள் இவனுடைய நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டன. அதன் மேல் ஒன்றுமில்லை.

"ஒரு வாரமா நெட்டு நிக்கவே மாட்டேங்குது தம்பி. அஞ்சு நிமிஷம் வருது, போயிடுது."

"ரீஸ்டார்ட்..."

"நூறு வாட்டி பண்ணிட்டேன்."

இவனுக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. நாற்காலியில் ஏறி ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தான். அடாப்டர் கொதித்தது. பிளாஸ்டிக் கருகின வாடை லேசாக வந்தது. கோளாறு அதில்தான் என்று மூக்கே சொல்லிவிட்டது. ஆனாலும் உறுதி செய்துகொள்ளாமல் ஒரு சாமானை மாற்ற மாட்டான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வீட்டு ரவுட்டருக்கு என்ன பெயரோ, என்ன பாஸ்வேர்டோ, அதையே தங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கும் வைத்துவிடுவார்கள். பிறகு ரவுட்டரை அணைப்பார்கள். வீட்டில் இருக்கிற போன், கம்ப்யூட்டர் எல்லாம் இதுதான் நம் வீடு என்று நம்பி, அந்தப் போனில் வந்து தானாக ஒட்டிக்கொள்ளும். அப்போது நெட் ஒழுங்காக ஓடினால் தப்பு ரவுட்டர் பக்கம் என்று அர்த்தம். சுலபமான வேலை. முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை மறக்காமல் அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே செய்தான். ரவுட்டரை அணைத்தான். எது எது வந்து ஒட்டுகிறது என்று லிஸ்ட் காட்டுகிற போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, லிஸ்ட்டுல மூணு வரணும்" என்றார் அந்த அம்மா. அதுவரை சோர்ந்திருந்த குரல் இப்போது நடுங்கியது. "மூணும் வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

முதலில் கம்ப்யூட்டர் வந்தது. அடுத்து அந்த அம்மாவின் போன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை...

மூன்றாவது வந்தது. 'வாலுவின் டேப்லெட்'.

"மூணும் வந்துடுச்சும்மா."

அந்த அம்மா ஓடி வந்து போனை எட்டிப் பார்த்தார். அந்த மூன்றாவது பெயரின் மேல் ஒரு விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. கண்ணீர் மளமளவென்று கொட்டியது.

பிறர் அழுதால் இவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. பரபரவென்று புது அடாப்டரை மாட்டினான், ரவுட்டரைப் போட்டான், பச்சை விளக்கு எரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றேம்மா" என்று வெளியே வந்துவிட்டான். ரவுட்டரில் மூன்றும் வந்ததா என்று பார்க்கவில்லை. ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை.

மதிலை ஒட்டிப் பாதி தூரம் வந்திருப்பான். சட்டைப் பையில் போன் சுட்டது. வெயிலுக்கு என்று நினைத்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நெஞ்சில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் ஆகிவிட்டது. வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தான்.

ஹாட்ஸ்பாட். இணைந்திருப்பது: ஒன்று. வாலுவின் டேப்லெட்.

திரும்பிப் பார்த்தான். முன்னால் சாலை. பின்னால் சாலை. அந்த வீடு ஒன்றரை மைல் பின்னால் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் முப்பது அடி தாண்டினாலே திணறும். இங்கே சிக்னல் முழுசாக நின்றது... பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் இருந்தால்தான் அப்படி நிற்கும்.

போன் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கிறது என்று தேற்றிக்கொண்டு ஹாட்ஸ்பாட்டை அணைத்தான். பத்து எண்ணினான். போட்டான். பூஜ்யம். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஒன்று.

வண்டியின் பின் இருக்கையிலிருந்து ஒரு வாசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்குமே, பழ வாசனை அடிக்கிற அழி ரப்பர்... அந்த வாசனை. அப்போதுதான் போன் அடித்தது. கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"தம்பி..." அந்த அம்மாதான். "ரெண்டுதான் காட்டுது. வாலு இல்ல. நீங்க என்ன பண்ணீங்க?"

இவன் வண்டியைத் திருப்பினான். போகும்போது பின்பக்கம் கனத்ததா இல்லையா என்று பிற்பாடு என் நண்பன் கேட்டிருக்கிறான். "கனமே இல்ல மச்சான்... அதுதான் தாங்க முடியல" என்றானாம்.

வாசலிலேயே நின்றிருந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினார். டேப்லெட்தான். நடுவில் நசுங்கி, கண்ணாடி மாவாகி, பாட்டரி பிதுங்கி வெளியே கிடந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் சாலையில் லாரி ஏறியது. டேப்லெட் மேல் மட்டுமல்ல. மகள் மேலும்தான். அவளுக்கு ஒன்பது வயது.

"அவ போன நாலாம் நாள் லிஸ்ட்டுல அவ பேரு வந்துச்சு. தெனமும் பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு வருவா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். வேற ஒண்ணும் வேணாம் தம்பி, அந்தப் பேரு அங்க இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு இவனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். "அவளக் குடுத்துட்டுப் போங்க."

எதைக் கொடுப்பது? எப்படிக் கொடுப்பது? இருபது வருடத் தொழிலில் அறுந்த கேபிள் ஒட்டியிருக்கிறான், எலி கடித்த கேபிளை மாற்றியிருக்கிறான். இதற்கு அவனிடம் என்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது?

தெரிந்ததைச் செய்தான். ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து ஹாட்ஸ்பாட்டை அணைத்தான். பெரிய சிக்னல் இருக்கிற பக்கம் தாவ வேண்டும், அதுதான் முறை. இருவரும் கம்ப்யூட்டர் திரையில் ரவுட்டரின் லிஸ்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். இரண்டு. ஐந்து நிமிடம். இரண்டு. பத்து நிமிடம். இரண்டு. ஃபேன் மட்டும் கிறீச், கிறீச் என்றது. ஹாட்ஸ்பாட்டைப் போட்டான். போட்ட கணமே, ஒன்று.

மறுபடி அணைத்தான். மறுபடி ரவுட்டர். மறுபடி இரண்டு. நான்கு முறை, ஐந்து முறை. வெட்கத்தை விட்டுத் தரையில் உட்கார்ந்து போனிடம் பேசிப் பார்த்தான்.

"கண்ணு... அம்மாகிட்டப் போடா. இங்கதான் இருக்காங்க பாரு. போயிடு கண்ணு."

ஒன்று.

அந்த அம்மா போனைக் கையில் எடுத்தார். திரையில் இவன் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"உங்க பொண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

"இங்க அவளுக்கு வெளையாட ஆளே இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது இவனுக்கு. "ரொம்பப் பிடிவாதக்காரி. வேணும்னா வேணும்தான். நானே கூப்பிட்டாலும் வரமாட்டா..." அதற்கு மேல் முடியாமல் துண்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. இவன் கும்பிட்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

வெளியே வந்தவனுக்கு ஒரே ஒரு நினைப்பு. இதோடு வீட்டுக்குப் போகக் கூடாது. என்ன ஆனாலும் சரி, என் வாசற்படி ஏறக் கூடாது.

மதில் ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினான். ஒன்று. பாஸ்வேர்டை மாற்றினான். இருபது எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி தட்டினான், அவனுக்கே தெரியாது. ஒன்று. ரீஸ்டார்ட் செய்தான். ஒன்று. சிம் கார்டைப் பிடுங்கினான். அப்போதும் ஒன்று. போனில் இருந்த அத்தனையையும் அழித்து, கடையிலிருந்து வாங்கி வந்த அன்று இருந்ததுபோல ஆக்கினான். மகளுடைய முதல் நடை, முதல் பேச்சு, எல்லாப் படமும் அதில்தான். வேறு பிரதி இல்லை. அழுதுகொண்டே அழித்தான். திரை வெறுமையாக வந்தது. மொழியைத் தேர்வு செய்யவும் என்றது. அதற்குக் கீழே, மூலையில், சின்னதாக... ஒன்று.

வீசி எறிந்திருக்கலாமே என்கிறீர்கள். கை ஓங்கினானாம். மதிலுக்கு அப்பால் எறியத்தான் ஓங்கினான். அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையை யாருமில்லாத ஆலைக்குள் எப்படி எறிவது? உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

தன் ரிப்பேர் கடைக்குப் போனான். போனை அணைத்து, கல்லா மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். ஷட்டரை இறக்கிப் பூட்டினான். சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டான், தன்னிடம் எதுவும் ஒட்டி வரக் கூடாது என்று. ஸ்கூட்டரையும் அங்கேயே விட்டுவிட்டான். வெறும் கையோடு நாலு மைல் நடந்தான். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டே நடந்தான். சாலைப் புழுதி வாசனைதான். வேறு இல்லை. வீட்டுத் தெரு வந்தபோது உடம்பு லேசானது. தப்பித்தோம் என்று நினைத்தான்.

அப்போது ஏழு மணி இருக்கும். மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை அள்ளித் தூக்கினான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கடைசியில் அவன் அழுததை மகள்தான் துடைத்துவிட்டாள்.

"ஏன்ப்பா அந்த அக்காவ கடையில வெச்சுப் பூட்டுன? இருட்டா இருந்துச்சாம்."

அவன் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"பாவம்ப்பா... உன் பின்னாடியே நடந்து வந்தாளாம். கால் வலிக்குதாம்." காதோடு வாயை வைத்து, ரகசியம்போல் சொன்னாள். "நம்ம வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா. எனக்குத்தான் தெரியுமே... சொல்லிட்டேன்."