டாக்டர் சந்திரகாந்தாவின் முடியாத இரண்டாம் கட்டுரை

தலைமை வகிக்கும் பெரியவர் அவர்களே, பேராதனையிலிருந்து கொட்டும் மழையில் வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, ரத்தோட்டை மலைகளிலிருந்து வேலையை விட்டு இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, துயரத்தோடு கூடியிருக்கும் மாத்தளை மக்களே, அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நம்மைவிட்டுப் பிரிந்த டாக்டர் சந்திரகாந்தா நல்லையா 1980இல் எழுதிய தோல்நோய்க் கட்டுரையை இதுவரை நூற்று நாற்பத்து மூன்று ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருப்பதாக எனக்கு முன் பேசிய பேராசிரியர் சொன்னார். ஜப்பானிலும் பிரேசிலிலும் அதைப் படிக்கிறார்களாம். நான் இத்ரூஸ். பதினெட்டு ஆண்டுகள் அவரிடம் மருந்து கலந்தவன். அந்தக் கட்டுரை எங்கே பிறந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

1977. ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளில் புண். பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று பேச்சுக் கிளம்பியது. காத்தாயி என்ற பெண்ணை லயத்து வீட்டைவிட்டு விரட்டி விறகுக் கொட்டிலில் விட்டிருந்தார்கள். கணவனே சோற்றை வாசலில் வைத்துவிட்டு ஓடுவான். டாக்டர் அந்தக் கொட்டிலுக்குள் குனிந்து போனார். அவள் கையைத் தன் மடியில் வைத்து ஊசிமுனையால் தொட்டார்.

"வலிக்குதா காத்தாயி?"

"வலிக்குதுங்கம்மா. உசுரு போகுது."

"அப்ப இது பெருவியாதி இல்ல. அந்த வியாதிப் புண்ணுல குத்துனாலும் தெரியாது" என்றார், வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அன்று மாலையே காத்தாயி வீடு திரும்பினாள். அதோடு டாக்டர் விட்டாரா? அறுபது பெண்களின் முதுகில் தோட்டத்து மருந்துகள் தடவிய சிறு துண்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். மலையில் தெளித்த களைகொல்லிதான் அந்தக் கைகளைத் தின்றது என்று நிறுவினார். அதுதான் நீங்கள் கேள்விப்பட்ட கட்டுரை.

இரண்டாம் கட்டுரை என்னவாயிற்று? சபையோரே, அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் இறங்கவும் முடியாது. அந்தக் கட்டுரைக்காக, யார் கை ஆறியது, யார் கை ஆறவில்லை என்று ஆண்டுக்கணக்காக எழுதிய கொப்பிகளும் படங்களும் கிளினிக்கில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. என்னை அண்ணன் முறைக்கு நானா என்றே அழைப்பார் டாக்டர்; 1983 ஜூலையில் ஒரு காலை, "நிலைம சரியில்ல நானா. இந்தப் பெட்டிய ஒங்க வீட்டுல வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்கு வேன் கொண்டாறேன் டாக்டர்" என்றேன்.

அன்று மாலையே தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கிளினிக் எரிந்தது; பெட்டியும் போயிற்று. பதினோர் ஆண்டாகியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறியிருக்கும்.

1985இல் மறுபடி மலையேறினார். அறுபதில் முப்பத்து நான்கு பேர் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். காத்தாயியின் கதவைத் திறந்தவள் வேறொருத்தி. "அவங்க கப்பலேறிட்டாங்கம்மா. போறதுக்கு முந்தி ஒங்களத் தேடி டவுனுக்கு வந்தாங்களாம். கிளினிக்கு கரியாக் கெடந்துச்சாம்." டாக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வெளிநாட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லாரும் இரண்டாம் கட்டுரையைக் கேட்டார்கள். மேற்கோள் நூறைத் தாண்டிவிட்டது என்று நான் பூரித்துப்போய்ச் சொன்ன நாளில், "எத்தன பேர் எழுதி என்ன நானா, அந்தக் களை மருந்த இன்னமும் அடிக்கிறாங்களே" என்றார்.

எஞ்சிய இருபத்தாறு பெண்களும் பல தோட்டங்களுக்குச் சிதறியிருந்தார்கள். அவர்களைத் தேடி நடந்தார். கிளர்ச்சியால் பஸ் ஓடாத எண்பத்தொன்பதில் நடந்தார். ரோட்டோரங்களில் பிணங்கள் கிடந்தபோதும் நடந்தார். தன் இருமலுக்குக் காரணம் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் நடந்தார். பத்தொன்பது பேரைக் கண்டு முடித்தார். அதற்குமேல் அந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை.

இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். அவரிடம் பயின்ற டாக்டர் ஸரீனாவும் நானும் வரும் ஞாயிறு புறப்படுகிறோம். எழுதும் பணியில் துணை நிற்பதாகப் பேராசிரியர் வாக்களித்திருக்கிறார். இரண்டாம் கட்டுரை டாக்டர் சந்திரகாந்தாவின் பெயரிலேயே வெளிவரும். இந்தச் சபையின் முன் நாங்கள் தரும் உறுதி இது.

அந்த ஏழு பேருக்கும் இன்னும் செய்தி எட்டவில்லை. ஒவ்வொரு வாசலிலும், "டாக்டரம்மா வரலீங்களா?" என்று கேட்பார்கள். அவர்கள் கைகளைப் பார்க்குமுன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஏழு முறை சொல்ல வேண்டும். சொல்வோம்.