நான் எட்டு என்று எழுதிய காலை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எலினோர் அம்மையார் அவர்களே! நம் கனடாவின் தண்டர் பே நகரத்து மூத்தோர்களே! மடங்காத விரல்களோடும் புளூபெரி கேக் சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடக்குவாதத்தோடு என்னைப் போலவே மல்லுக்கட்டும் தோழர்களே! ஆர்வோ காந்தோலாவின் வணக்கம்!

பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன் நான். மேடை எனக்குப் புதிது. என்ன... ஓட்டவாவது தெரியுமா என்கிறாரா பின்வரிசை நண்பர்? ஐயா, உங்கள் மகளே என் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனாள்!

மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் தருவார்கள். வலி எவ்வளவு? பத்துக்குள் ஓர் எண்ணை எழுத வேண்டும்; பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. நான் எழுதியது என்ன? இரண்டு! மனைவி ஹெல்மி என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட நாளிலும் இரண்டு! ஸ்டியரிங்கைத் திருப்புகையில் கண்ணீர் முட்டிய நாளிலும் இரண்டு! ஏன்? உண்மை தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற பயம். ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்றே என் மருத்துவர், டாக்டர் பெல்தியே, நம்பினார்.

ஒரு பிப்ரவரிக் காலை. நான் பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுப்பதைச் செவிலியர் பெர்னதெத் பார்த்துவிட்டார்.

"என்னய்யா ஆர்வோ, மூடியத் தின்னப்போறியா? கையால தொறயேன்."

"குளிர்ல வெறச்சுப்போச்சும்மா."

"உள்ள வந்து அரை மணி நேரமாச்சு. யார்கிட்ட கதை விடுற? எப்பவும் எழுதுற அந்த ரெண்டை விட்டுட்டு நெசத்த எழுது."

"எழுதினா பஸ்ஸப் புடுங்கிருவாங்களே..."

"எழுதலைன்னா கையே போயிரும். அப்புறம் எத வெச்சு ஓட்டுவ?"

மூடியைக் கழற்றி எழுதினேன்: எட்டு.

ரத்தம் நன்றாக இருக்கிறதே என்று டாக்டர் தள்ளிவிட்டாரா? இல்லை! மணிக்கட்டை ஸ்கேன் செய்தார். உள்ளே வீக்கம் கனன்றுகொண்டிருந்தது.

"ரத்தம் சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்க. நானும் முன்னாடியே தோண்டிக் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கோங்க," என்றார் அந்தப் பெரிய மனிதர்.

மருந்தை மாற்றினார். மூன்று மாதம் பேருந்தை விட்டு இறங்கியிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். எட்டு ஆறானது, ஆறு மூன்றானது. மே மாதம் மீண்டும் ஏறி அமர்ந்தேன்!

இதே நோயுள்ள என் அண்டை வீட்டுக்காரர் தோய்வோவும் எட்டு எழுதினார். அவருக்கு ஸ்கேனில் வீக்கமே இல்லை. பொய் என்றார்களா? இல்லை! மருந்தைக் கூட்டாமல், வலிக்கும் கெட்டுப்போன தூக்கத்துக்கும் வேறு வழி பார்த்தார்கள். இன்று நிம்மதியாக உறங்குகிறார்.

தோழர்களே! ரத்தம் பேசும், ஸ்கேன் பேசும். ஆனால் விடியலில் விரல் விறைத்துக் கிடப்பதை யார் பேசுவது? பகலெல்லாம் உடல் பாரமாய்க் கனப்பதை யார் பேசுவது? நாம்தான் பேச வேண்டும்! கூசாமல் பேச வேண்டும்! குறைக்காமல் பேச வேண்டும்!

பெர்னதெத் அம்மா, சற்று எழுந்து நில்லுங்கள். என் பொய்யை நீங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்டிப்புக்கு, இந்த இரு கைகளையும் குவித்து நன்றி சொல்கிறேன். அனைவரும் நலம் பெறுக, வணக்கம்!