மட்காட்டின் மேல் நாலு விரல்

மோட்டார் காரைப் படம் எடுக்க மத்தியான வெயில் ஆகாது. பித்தளை விளக்கில் வெயில் தெறித்தால் மற்றதெல்லாம் கரிக்கட்டையாக விழும். ஹட்டனில் காலைப் பனி விலகியதும் ஒரு வெளிச்சம் வரும், அதுதான் சரி. இந்தப் படத்தை எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. சக்கரத்தின் ஆரக்கால்களை ஒன்றுவிடாமல் பார்க்கலாம். நீங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, சக்கரத்துக்கு மேல் வளைந்த மட்காட்டின் மேல் இருக்கிற நாலு விரல் யாருடையது என்று கேட்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. உட்காருங்கள், சொல்கிறேன். தேத்தண்ணி வரும்.

சுதந்திரம் வந்த பிறகு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். நாய்க்கு நல்ல வீடாகத் தேடிக் கொடுத்துவிட்டு, படங்களைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பங்களா சமையல்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். இந்த ஸ்டூடியோச் சுவரில் நீங்கள் பார்ப்பது அப்படிச் சேர்ந்தது. அதோ, கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு நின்றுபோன காரை மாடு இழுக்கிறது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள், அதன் சைட்காரில் குடையோடு ஒரு துரைசாணி. பேதி மருந்து குடித்த முகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரே குறை, எல்லாப் படத்திலும் ஆட்கள் நிற்பார்கள். அந்தக் காலத்தில் காரைப் படம் எடுக்கிறார்கள் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே திரண்டு வந்து நின்றுவிடும். ஓரத்தில் நிற்பவர்களை நான் வெட்டிவிடுவேன். கண்ணாடிச் சட்டத்துக்கும் அளவாக அமையும், காரும் எடுப்பாகத் தெரியும்.

நீங்கள் கேட்ட இந்தக் கார் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரையுடையது. ஆயுத பூஜைக்கு அதைக் கழுவி, சந்தனம் தடவி, சாமந்தி மாலை போட்டு ஃபேக்டரி வாசலில் நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை அழகுமுத்துவுக்கு. ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிறவர், தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து படங்களின் கண்ணாடியைத் துடைத்துத் தருவார். எந்தக் கார் எந்த வளைவில் கவிழ்ந்தது என்று அவர் சொல்லச் சொல்ல நேரம் போவதே தெரியாது. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐம்பத்தாறில் அவருடைய மனு விசாரணைக்கு வந்தது. இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை, மாதா கோயிலில் எங்கள் வீட்டு ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாம் இருந்தன. அவருக்கு நாற்பதாம் வருஷம் மட்டும் இடித்தது. தோட்டத்து ஆபீசில் அந்த வருஷத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'அப்போது இந்தியாவுக்குப் போயிருப்பாய்' என்று விசாரித்தவர் சொல்லிவிட்டாராம். அழகுமுத்து நேராக என்னிடம் வந்தார்.

"மொதலாளி, காருக்கு மால போட்டு எடுத்த படம் ஒங்ககிட்ட இருக்குன்னு பங்களா சமையல்காரர் சொன்னாருங்க. அதுல நானும் மீனம்மாவும் கைப்புள்ளையோட நிக்கிறோம். அந்த வருசம்தான்னு அடியில எழுதியும் இருக்குங்க. அத வச்சுத்தான் இனிப் பொழைக்கணும்."

"தேடிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாங்க," என்றேன்.

தேடவே வேண்டாம். படம் அவர் வராத என் உள்ளறையில், முழுசாக, என் தலைக்கு மேலேயே தொங்கியது. நான் நிதானமாக யோசித்தேன். கொடுத்தால் ஃபைலில் கோர்க்க ஓட்டை போடுவார்கள், மேலே முத்திரை குத்துவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். தாராளமாக எடுத்திருக்கலாம், என் தொழிலே அதுதானே. ஆனால் நகலை ஒத்துப்பார்க்க அசலைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், என் கார் இன்னோர் இடத்திலும் இருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிளேடை எடுத்து இடது பக்கத்தை வெட்டினேன். வருஷம் அவர்கள் காலடியில்தான் எழுதியிருந்தது, அதுவும் அந்தத் துண்டோடு போயிற்று. துண்டை அடுப்பில் போட்டு அதே நெருப்பில் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். அழகுமுத்து ஒரு கையை மட்காட்டின் மேல் வைத்திருந்தார். விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் மட்காட் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மீனம்மாவும் வந்தார்கள். என் கைக்கு இப்படித்தான் வந்தது என்று காட்டினேன். மீனம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம நின்ன எடத்த எந்தப் படுபாவி வெட்டுனானோ," என்றார்.

"இந்தா இருக்கு பாரு என் கையி," என்றார் அழகுமுத்து. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதக் காட்டுனா ஒத்துக்குவாங்களா, மொதலாளி?"

கையில் பெயரா எழுதியிருக்கிறது, கைக்கு யார் சாட்சி சொல்வார்கள் என்று அன்பாகவே எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டார். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனார்.

மனு தள்ளுபடியாயிற்று. சில வருஷம் எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தியக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்கு ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வழிக்குப் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கைப்பிள்ளை வளர்ந்த பெண்ணாக ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. இங்கேயே பிறந்த பிள்ளை, இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அழகுமுத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காக அம்புட்டுத் தேடுனீங்க. அந்தக் காரப் பாக்கும்போது எங்கள நெனச்சுக்குங்க."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வருகிறேன், கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். காருக்கும் ஒரு கீறல் விழவில்லை, நீங்களே பாருங்கள்.

ஆனால் ஒன்று, நீங்கள் கேட்ட பிறகு அந்த விரல்கள் எனக்கும் உறுத்தத்தான் செய்கின்றன. நல்ல தூரிகை இருக்கிறது, கறுப்பு மையும் இருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்து முடியுங்கள், அதற்குள் நாலையும் மட்காட் நிறத்தில் மூடிவிடுகிறேன்.