ஆனி மாதக் கம்பளி

எங்கள் வீட்டுக்கு மின்தூக்கி இல்லை. வியா மக்வேதா என்னும் பெருவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒடுங்கிய தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அம்மையீர், சென்ற ஆனி மாதம் தாங்கள் அப்படிகளில் ஏறி வந்தபோது இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியதை மேலிருந்து கண்டேன். உடனே உள்ளே சென்று தங்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அன்று நடந்தவை யாவும் எனக்கு நன்றாக நினைவிலுள்ளன என்பதை உணர்த்தவே இதனை முதலில் எழுதுகிறேன்.

என் மருமகள் ஜெனுஷாவைத் தங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து நீக்கியது பற்றி மீள்விசாரணை நடைபெறுவதாகவும், அவளுடைய வீட்டுப் பயிற்சி குறித்து நான் அறிந்ததை எழுத்தில் தரவேண்டும் என்றும் கடிதம் வந்தது. தருகிறேன். இத்தாலிய மொழியை நான் நன்றாக வாசிப்பேன். ஆயினும் இத்தகைய காரியத்தைப் பிழைவிட்டுப் பழக்கமில்லாத என் தாய்மொழியில் எழுதுவதே முறை. இதனைப் பெயர்த்துத் தர ஆள் வேண்டுமாயின் ஜெனுஷாவையே கேட்கலாம். வேண்டிய சொற்கள் யாவும் அவளுக்குத் தெரியும். அவற்றைக் கற்பித்தவன் நான்.

என் பெயர் பெனடிக்ற். மன்னாரில் முப்பத்தோராண்டு ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றேன். என் மனைவி செலஸ்ரீனா எனக்கு வெகுகாலம் முன்பே எங்கள் மகன் விமலராஜுடன் இவ்வூருக்கு வந்து, வீட்டுவேலை செய்து அவனை வளர்த்தாள். அவளுடைய ஆவணங்களின் பேரில் நான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தேன். மன்னாரில் நான் வீதியில் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடப்பார்கள். இங்கே கோவில் வாசலில் என்னை அறிமுகப்படுத்தியபோது, "இவர் செலஸ்ரீனாக்காவின்ரை அவர்" என்றார்கள். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. உள்ளபடி சொல்கிறேன்.

செலஸ்ரீனா கடலோர மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் முதிய அம்மாள் ஒருவரைப் பராமரித்து வந்தாள். காலையில் போவாள், இருட்டும் வேளையில் வருவாள். சென்ற தை மாதத்தில் ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"வைகாசியிலையிருந்து சிஞ்ஞோராவோடையே தங்கப் போறன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வருவன்."

"ஏன்?" என்றேன்.

"ஏனெண்டால், அங்கை யன்னலைத் திறந்தால் கடல். இஞ்சை யன்னலைத் திறந்தால் நீங்கள்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது கணநேர எண்ணம் என்றே கருதினேன். ஆனால் அவள் கட்டிலின் கீழிருந்த பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து, சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தாள். பதினொரு நாள் கழித்து அவளுக்குப் பாரிசவாதம் வந்தது.

வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது அவளிடம் மூன்று சொற்கள் எஞ்சியிருந்தன. ஓம், இல்லை என்பன இரண்டு. மூன்றாவது "அமுனி". 'போவோம், வா' என்பதற்கு இவ்வூரார் சொல்லும் சொல் அது. எங்கள் மொழியில் அத்தனை சொற்கள் இருக்க, அவளுடைய மூளை அந்தத் தெருச்சொல்லைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டதை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் கதவைப் பார்ப்பாள்.

ஜெனுஷா மணமுடித்து இங்கு வந்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகின்றன. படிக்கட்டுக் கழுவும் வேலையிலிருந்து மீளவேண்டும் என்று தங்கள் கல்லூரியில் இயன்மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவளுடைய இத்தாலியம் கடைத்தெருவுக்குப் போதுமானது, பாடநூலுக்குப் போதாது. ஆகவே நாள்தோறும் காலையில் குசினி மேசையில் அவளுடைய நூலை நான் வரிவரியாக வாசித்துத் தமிழில் விளக்கினேன். அவள் நல்ல மாணவி. தசைகளின் பெயர்களைச் சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாள்.

பயிற்சியாளர் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் வீட்டில் நூற்றிருபது மணிநேரம் பணிசெய்து, பதிவேட்டில் எழுதி, இறுதியில் அந்நோயாளியின் நிலையைத் தங்கள் முன் காட்டவேண்டும் என்பது விதி. ஜெனுஷா தன் மாமியையே தெரிவு செய்தாள். மருத்துவமனை இயன்மருத்துவர் வகுத்துத் தந்த பயிற்சிகளை நாள்தோறும் செய்வித்தாள். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைப் பாகைமானி போன்ற ஒரு கருவியால் அளந்து சொல்வாள், நான் எழுதுவேன். மாசியில் செலஸ்ரீனா கட்டிலோரம் தானாக உட்கார்ந்தாள். பங்குனியில் மேசையைப் பிடித்து நின்றாள். இடக்கையால் கரண்டி பிடித்துத் தானே உண்டாள்.

உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கா ஞாயிறு காலை, விமலராஜ் தன் உணவக வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றபோது, செலஸ்ரீனா மேசையை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தாள்.

"மாமா, பாத்தீங்களே! மாமி நடக்கிறா!" என்று ஜெனுஷா அழுதாள். "ஆனியிலை இறுதிச் சோதினை. அண்டைக்கு மாமி தானே எழும்பி நடந்து காட்டுவா. பிறகு நானே படியாலை இறக்கிக் கொண்டுபோய்க் கடலிலை கால் நனைக்க வைக்கிறன்."

விமலராஜ் தாயைக் கட்டிக்கொண்டான். "அம்மா, சிஞ்ஞோரா இன்னும் வேறை ஆளை எடுக்கேல்லையாம். ஒவ்வொரு கிழமையும் உங்களை விசாரிக்கிறா. சூட்கேசைத் தட்டி வைக்கட்டோ?"

செலஸ்ரீனா பாதி வாயால் சிரித்தாள். "அமுனி" என்றாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜெனுஷாவின் பாடநூலில், உதவியாளர் செய்யத்தகாதவை என்றோர் அத்தியாயம் உண்டு. நோயாளி தானே செய்யக்கூடியதை அவருக்காக நீ செய்யாதே என்று அது தொடங்குகிறது. செய்தால் என்ன நேரும் என்பதை, எந்தத் தசை எப்படிச் சுருங்கும், எத்தனை வாரத்தில் இறுகும் என்று படங்களுடன் விளக்குகிறது. அத்துணைத் தெளிவாக எழுதப்பட்ட பாடத்தை நான் என் தொழிற்காலத்தில் கண்டதில்லை. பாஸ்காவுக்குப் பின்வந்த திங்கட்கிழமை அதனை மீண்டும் ஒருமுறை, தனியே இருந்து வாசித்தேன்.

அதன்பின் செலஸ்ரீனாவுக்கு நானே ஊட்டினேன். ஜெனுஷா வகுப்புக்குப் போன பிறகு கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, சோற்றைக் குழைத்து உருண்டையாக்கிக் கொடுத்தேன். முதலில் வாயை மூடிக்கொண்டாள். பசி வந்தபோது திறந்தாள். அவள் எழுந்து பழகிய உயர்ந்த நாற்காலி ஆடுகிறது என்று சொல்லி, கோவிலில் இலவசமாகக் கிடைத்த தாழ்ந்த சோபா ஒன்றைக் கொணர்வித்தேன். அதில் இருந்தால் இடுப்பு அமிழும். நல்ல காலுள்ளவரே எழச் சிரமப்படுவர். கழிப்பறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டே போனேன். ஒருநாளும் கைநழுவ விட்டதில்லை.

எங்கள் ஆட்களிடையே இதனால் எனக்கு நல்ல பெயர் உண்டாயிற்று. நோயாளியை அசையவிடாமல் பார்ப்பதே அன்பு என்று எண்ணுகிற சனம் நாங்கள். பக்கத்துத் தெருச் சூசைதாசன் வந்தான். நான் ஊட்டுவதைக் கண்டு கண் கலங்கினான்.

"மாஸ்ரர், உங்களாலை எனக்கு வீட்டிலை நிம்மதி இல்லை. 'விழுந்தால் மாஸ்ரற்றை வீட்டிலை விழோணும், உன்ரை வீட்டிலை விழுந்தால் கிடக்க வேண்டியதுதான்' எண்டு மனிசி நெடுகப் பேச்சு."

அவன் அதனை ஊரெல்லாம் சொன்னான். அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் என்னை மாஸ்ரர் என்றே பலரும் விளித்தார்கள். ஒருவர் எனக்காகக் கதிரையை விட்டு எழுந்தார்.

கம்பளியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது செலஸ்ரீனாவுக்கு மொண்டெல்லோ சிஞ்ஞோரா கொடுத்தது. கபில நிறம், நல்ல கனம். படுத்திருப்பவரின் பாதத்தின்மேல் கனத்த போர்வை அழுத்தினால் பாதம் கீழ்நோக்கி வளைந்து, குதிக்காலின் பின்தசைநாண் குறுகிவிடும். பின்னர் உள்ளங்காலை நிலத்தில் ஊன்ற இயலாது என்று நூல் எச்சரிக்கிறது. மதியம் ஜெனுஷா போனதும் யன்னற் கதவுகளைச் சாத்தி, செலஸ்ரீனாவைக் கிடத்தி, கம்பளியைப் பாதத்தின்மேல் இழுத்து, மெத்தையின் கீழ் இறுகச் செருகுவேன். இரவிலும் அவ்வாறே. ஆசிரிய கலாசாலை விடுதியில் படுக்கை விரிக்கப் பழகியவன் நான். என் செருகல் அவிழாது. ஒரு மணிநேரம் ஜெனுஷா நீட்டியதைப் பதினைந்து மணிநேரம் கம்பளி வளைத்தது.

வைகாசி நடுவில் எண்கள் இறங்கத் தொடங்கின. ஜெனுஷா மூன்றுமுறை அளப்பாள். "நான்தான் பிழையாப் பிடிக்கிறனோ, மாமா?" என்று கேட்பாள். அவள் சொன்ன எண்ணையே நான் எழுதினேன். ஓர் எண்ணையும் நான் மாற்றியதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் தெரியும்.

ஒருநாள் அவள் வகுப்பிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக்காற்று அடித்த நாள். செலஸ்ரீனா இடக்கையால் கம்பளியைக் காட்டி, பின்னர் என்னைக் காட்டி, மீண்டும் கம்பளியைக் காட்டினாள். "இல்லை, இல்லை" என்றாள். அவளுடைய முகமெல்லாம் வேர்வை.

"என்ன மாமி, குளிருதோ? காய்ச்சல் காயுதோ?" என்று ஜெனுஷா பதறினாள். பிறகு அலுமாரியைத் திறந்து இன்னொரு போர்வையை எடுத்து வந்து, கம்பளியின்மேல் விரித்து, ஓரங்களைச் செருகிவிட்டாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. செலஸ்ரீனா அன்று நெடுநேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அதன்பின் ஒருவருக்கும் எதையும் சுட்டிக்காட்டியதில்லை.

தாங்கள் வந்த நாள் அதற்கு மறுவாரம். கம்பளி மடித்து அலுமாரியில் இருந்தது. தாங்கள் செலஸ்ரீனாவின் வலப்பாதத்தைக் கையில் ஏந்தி, மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தீர்கள். அது குதிரைக் குளம்புபோல் நின்றது. நாள்தோறும் பயிற்சி பெற்ற பாதம் இவ்வாறு ஆகாது என்றீர்கள். அது சரியான கூற்று. பின்னர் என் பக்கம் திரும்பி, இப்பதிவேட்டிலுள்ள மணிநேரமெல்லாம் உங்கள் மருமகள் உண்மையாகவே செய்தாளா என்று கேட்டீர்கள்.

நான் சொன்னது இதுதான்: "அவள் இளம்பிள்ளை, சிஞ்ஞோரா. தன்னால் இயன்றதைச் செய்கிறாள்."

எங்கள் வீட்டுப் பிள்ளையை அந்நியர் முன் புகழ்வது எங்களிடம் வழக்கமில்லை. கண்ணூறு படும் என்போம். பிள்ளை முதலாம் ஆளாய்ச் சித்தியெய்தினாலும், 'ஏதோ படிக்குது' என்றே சொல்வோம். ஜெனுஷா அன்று மாலை, "ஏன் மாமா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டபோது இதனையே விளக்கினேன். அவள், "ஓம் மாமா. எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே கதைக்கிறது. நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்று என்னைத் தேற்றினாள்.

ஆனால் ஒன்பது ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தவன் நான். அவ்வார்த்தை இங்குள்ளோர் காதில் எவ்வாறு விழும் என்பதை அறிவேன். தாங்கள் பேனாவை எடுத்தபோது, விழுந்த விதத்தையும் கண்டேன்.

செய்யாத மணிநேரத்தைச் செய்ததாக எழுதினாள் என்று அவளை நீக்கினீர்கள். "அம்மாவின்ரை காலிலையோ உன்ரை கள்ளக் கணக்கு எழுதினனி?" என்று விமலராஜ் கேட்டான். ஆடியில் இருவரும் பகேரியா என்னும் அயலூருக்குக் குடிபெயர்ந்தனர். அவள் மீண்டும் படிக்கட்டுக் கழுவுவதாக அறிகிறேன். விமலராஜ் ஞாயிறுகளில் தனியே வருகிறான். மொண்டெல்லோ சிஞ்ஞோரா வேறொருத்தியை வைத்துக்கொண்டார்.

ஆகவே, ஜெனுஷா நூற்றிருபது மணிநேரமும் குறைவின்றிப் பணி செய்தாள் என்றும், செலஸ்ரீனாவின் காலை அறிந்தே கெடுத்தவன் நான் என்றும், பெனடிக்ற் ஆகிய நான் இங்கே எழுதி ஒப்பமிடுகிறேன். பிழையாக இட்ட புள்ளியைத் திருத்துவது ஆசிரியனின் கடமை. அவளுக்குரிய சான்றிதழை அவளுக்கு வழங்குக.

இவ்விடத்தில் சற்று நிறுத்த நேர்ந்தது, மன்னிக்கவும். செலஸ்ரீனா சோபாவின் கைப்பிடியை இடக்கையால் பற்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். கடந்த சில நாள்களாகவே இந்த வழக்கம். வலக்காலின் விரல்நுனி மட்டுமே நிலத்தில் படுகிறது, அப்படியிருந்தும் முயல்கிறாள். உட்காரவைத்து, முழங்காலின்மேல் கம்பளியைச் செருகிவிட்டு வந்தேன்.

என்னைக் கொடியவன் என்று தாங்கள் எண்ணக்கூடும். வந்து பார்த்தால் அவ்வாறு எண்ணமாட்டீர்கள். அவளுடைய தலை வாரியிருக்கும், உடுப்பு வெளுத்திருக்கும், உடம்பில் ஒரு படுக்கைப் புண்ணும் இராது. இத்தெருவில் இவ்வாறு பராமரிக்கப்படும் பெண் வேறொருத்தி இல்லை.

சோபா மறுபடியும் கிரீச்சிடுகிறது. "அமுனி" என்கிறாள். இத்துடன் முடித்துக்கொண்டு நான் போய் அவளைப் பிடிக்கவேண்டும். விழுந்துவிட்டால் தூக்கிவிட என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்.